அவையில் கேட்ட உரிமையும் வயலில் கொடுக்க வேண்டிய பங்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவருடைய எளிமை, நேர்மை, குரோம்பேட்டையில் வாழ்ந்த அடக்கமான வாழ்க்கை ஆகியவை பேசப்படுகின்றன. பேச வேண்டியவையே அவை. ஆயினும் சட்டமன்றத்திலும் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்து எதைக் கேட்டார், எதைப் பெற்றார், எதில் தோற்றார் என்பது மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வரலாறு அவர் அவையில் செய்த வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலைக்கும், உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் கரும்பும் உளுந்தும் பயிரிடும் நம் குடும்பங்களுக்கும் நேரான ஒரு தொடர்பு உண்டு. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஸ்மாயீல் சாஹிப் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவருக்குத் தாயாரே மார்க்கக் கல்வியின் முதல் ஆசிரியராக விளங்கினார். ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய 1920ஆம் ஆண்டில், பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். அவர் வணிகராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர் என்பதை நினைவில் வைப்பது நல்லது. கணக்கும் பொறுமையும் வார்த்தை தவறாமையும் வணிகம் கற்றுத்தரும் பாடங்கள். மூன்றையும் அவருடைய அரசியலில் காணலாம்.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாண சட்டமன்றத்திற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய சட்டமன்றத்தில் 215 இடங்கள் இருந்தன. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி அவற்றுள் 28 முஸ்லிம் தொகுதிகள். அத்தொகுதிகளில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பர். அதுவும் எல்லோரும் அல்லர்; சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளுள் ஏதேனும் ஒன்று உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. காங்கிரஸ் பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைத்தது. முஸ்லிம் லீக் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அவருக்கு எதிர் வரிசையில் ஆட்சித் தலைவர்களாக அமர்ந்தவர்கள் முதலில் பிரகாசம், பிறகு ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், அதன்பின் குமாரசாமி ராஜா. இவர்களுள் ஓமந்தூரார் நம் பகுதிக்கு உரியவர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர். அன்று ஓமந்தூரும் உளுந்தூர்பேட்டையும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947இலும், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இலும் அவர் ஆட்சிக் காலத்தில் நிறைவேறின. சமூகத்தின் அடித்தளத்தையே மாற்றிய அச்சட்டங்கள் உருவான அவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் நம் காயிதே மில்லத்.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு பிளவுபட்டது. முஸ்லிம் லீக் என்ற பெயரே பலருடைய செவிக்குக் கசப்பாயிற்று. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், அமைப்பை இரு நாடுகளுக்கும் தனித்தனியே பிரித்து, இந்தியப் பகுதிக்கு இஸ்மாயீல் சாஹிபை அமைப்பாளராக்கியது. அதே மாதம் லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தமக்கெனத் தனி அரசியல் கட்சி நடத்துவதைக் கைவிட வேண்டும் என்று வழிகாட்டியது. இருவருமே சமுதாயத்தின் நலம் நாடியவர்கள், வழியில் வேறுபட்டார்கள். 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என நாம் அறியும் சென்னை மண்டபத்தில் கூட்டம் நடைபெற்றது. கலைத்துவிடலாம் என்ற குரலும் தொடரலாம் என்ற குரலும் அங்கு ஒலித்தன. தொடர்வது என்ற முடிவே வென்றது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயீல் சாஹிப் அதன் தலைவரானார்.

அதே 1948இல் அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் ஆனார். நவம்பர் 23ஆம் நாள் பொது உரிமையியல் சட்டம் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தது. அன்று வரைவில் 35ஆம் விதி. இன்று அரசியல் சட்டத்தில் 44ஆம் விதி. எந்தச் சமூகமும் தனக்கென உள்ள தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் கருத்தமைந்த திருத்தத்தை இஸ்மாயீல் சாஹிப் முன்மொழிந்தார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மஹ்பூப் அலி பேக், பி. போக்கர் சாஹிப் ஆகியோரும் அதே திசையில் வாதாடினர்.

டாக்டர் அம்பேத்கர் அளித்த மறுமொழியை நாம் மனம் திறந்து படிக்க வேண்டும். ஷரீஅத் சட்டம் இந்த நாட்டு முஸ்லிம்கள் அனைவருக்கும் எக்காலத்திலும் ஒரே சீராக நடைமுறையில் இருந்ததில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் 1930களின் நடுப்பகுதி வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டமே பின்பற்றப்பட்டது என்றும், வட மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கள் தாய முறையைப் பின்பற்றினர் என்றும் எடுத்துரைத்தார். அதே வேளையில், அரசுக்கு ஓர் அதிகாரம் இருப்பதனாலேயே ஒரு சமூகத்திற்கு ஒவ்வாத வகையில் அதை உடனே பயன்படுத்திவிடும் என அஞ்ச வேண்டியதில்லை என்றும், தாமாக முன்வந்து ஏற்போருக்கு மட்டும் அத்தகைய சட்டம் பொருந்துமாறு வருங்கால நாடாளுமன்றம் செய்யலாம் என்றும் சொன்னார். திருத்தம் தோற்றது.

அவருடைய வாதத்தின் முற்பகுதி நம் நெஞ்சைத் தைக்க வேண்டும். நாம் கேட்ட உரிமைக்கு எதிராக அவையில் வைக்கப்பட்ட சான்று நம்முடைய சொந்த நடைமுறையே. இறைச்சட்டம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டவர்களிடம், அதை நீங்களே எல்லா இடத்திலும் கடைப்பிடித்தீர்களா என்ற வினா திரும்பி வந்தது.

இந்த வினாவுக்கு நம் மாகாணத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் செயற்பாட்டுச் சட்டம், திருமணம், மஹ்ர், வாரிசுரிமை முதலியவற்றில் வழக்காறுகளை நீக்கி ஷரீஅத்தை நிலைநாட்டியது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது: விவசாய நிலத்திற்கு அது பொருந்தாது. விவசாய நிலம் மாகாண சட்டமன்றங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்பதே காரணம். வீடும் நகையும் கடையும் ஷரீஅத்துக்குள் வந்தன. நன்செய்யும் புன்செய்யும் வெளியே நின்றன. உழவை நம்பிய குடும்பத்தின் பெரும் சொத்து நிலம்தானே? அந்த இடைவெளியில் பழைய வழக்காறு உயிர் வாழ முடிந்தது. அந்த வழக்காற்றால் இழப்புக்கு உள்ளாகக் கூடியவர்கள் பெரும்பாலும் பெண்மக்களே.

1949இல் சென்னை மாகாண சட்டமன்றம் அந்த இடைவெளியை அடைத்தது. அவ்வாண்டின் 18ஆம் சட்டம் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்திற்கான விலக்கை நீக்கியது. இதனை ஒரு மனிதரின் சாதனையாக எழுதுவது முறையன்று. காங்கிரஸ் பெரும்பான்மையும் லீக் எதிர்க்கட்சியுமாக அமைந்த ஓர் அவை செய்த வேலை அது. டெல்லியில் ஒரு திருத்தம் தோற்ற மறு ஆண்டிலேயே, இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவை, இந்த மாகாணத்து முஸ்லிம் பெண்ணுக்கு வயலிலும் ஷரீஅத் வழங்கும் பங்கைச் சட்டமாக்கியது. ஆரவாரம் இன்றி நடந்த இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1949 மே மாத இறுதியில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடு பற்றிய விவாதம் அரசியல் நிர்ணய சபையில் நடந்தது. தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என இஸ்மாயீல் சாஹிப் வாதாடினார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதற்கு எதிராக நின்றனர். தனித்து நிற்பது பெரும்பான்மையிடமிருந்து நம்மை அயலாக்கும் என்பது அவர்களின் அச்சம். தனிக் குரல் இல்லாவிடில் நம் தேவை அவைக்கே எட்டாது என்பது இவரின் அச்சம். இரண்டிலும் உண்மை இருந்தது. முடிவில் இவர் தரப்பு தோற்றது.

அதன் விளைவு 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது, தனித்தொகுதி மறைந்தது. 375 இடங்கள் கொண்ட சென்னை மாநில சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் பெற்றவை 5 இடங்கள், அனைத்தும் மலபாரில். தமிழ் பேசும் மாவட்டங்களில் ஓர் இடமும் இல்லை. வேறொருவராயின் அரசியலை விட்டே விலகியிருப்பர். அல்லது கசப்பையே கொள்கையாக்கியிருப்பர். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாம் எதிர்த்த விதிகளை ஏற்று, அதே விதிகளின்படி உழைத்தார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரி மக்கள், மலையாளம் தாய்மொழியல்லாத இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினர்.

பொறுமை பலன் தந்தது. 1967இல் அண்ணா தலைமையிலான கூட்டணியில் லீக் இடம்பெற்றுத் தமிழக சட்டமன்றத்தில் 3 இடங்களை வென்றது. அதே ஆண்டில் கேரளத்தில் 14 இடங்களை வென்று இரு அமைச்சர்களைப் பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட அமைப்பு, பிற சமூகத்து வாக்காளர்களின் நம்பிக்கையையும் பெற்று அவைக்கு வந்தது. 1972 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் இறையழைப்பை ஏற்றார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கமாகியுள்ளார்.

இப்போது உளுந்தூர்பேட்டைக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கும் சேலத்துக்கும் பிரியும் ஊர் இது. இத்தொகுதியில் நம் சமுதாயம் தன் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஓர் உறுப்பினரை அனுப்ப இயலாது. தமிழகத்தின் மிகப் பல தொகுதிகளின் நிலையும் இதுவே. ஆகவே நமக்கு வாய்த்த வழி, காயிதே மில்லத் 1952க்குப் பின் நடந்த வழி. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருப்பதை உறுதி செய்வது. வென்றவர் எக்கட்சியினராயினும் எச்சமூகத்தினராயினும் அவரிடம் நியாயத்தை ஆவணத்தோடு எடுத்துரைப்பது. பிற சமூகத்தாரின் நியாயத்துக்கும் நாம் துணை நிற்பது. 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதைச் சட்டமாக்கிய அவையில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்களே. அவையை இணங்க வைப்பதே பலன் தரும் வழி என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும் அவையால் செய்ய முடியாத ஒன்று உண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு வயலில் பங்குண்டு என்றது. அதற்கு வெகு காலம் முன்பே அல்லாஹ் தன் திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில், சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்களுக்குப் பங்குண்டு எனக் கடமையாக்கிவிட்டான். தந்தை மறைந்தபின் நம் வீடுகளில் நடப்பது என்ன? சகோதரிகளை அழைத்து, திருமணத்தின்போதே செய்ததெல்லாம் போதும் என்று சொல்லி, சிறிது நகையோ தொகையோ கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது! அண்ணன் மனம் கோணக் கூடாதே என்று அவள் கையெழுத்திடுகிறாள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சத்தில் போடும் கையெழுத்து மனமுவந்த கையெழுத்தாகுமா? திருமணத்தில் கொடுத்த சீர், வாரிசுப் பங்குக்கு ஈடாகாது என்பதை எந்த ஆலிமிடமும் கேட்டுத் தெளியலாம்.

ஷரீஅத்தைக் காப்போம் என்று ஊர்வலத்தில் முழங்குவது எளிது. பட்டாவில் தங்கையின் பெயரைச் சேர்ப்பது கடினம். அம்பேத்கர் 1948இல் எழுப்பிய வினாவுக்கு உரிய விடை, இந்த இரண்டாவது செயலில்தான் இருக்கிறது. தலைமை ஓர் அமானிதம். அதுபற்றி விசாரணை உண்டு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு அவரது தொகுதி அமானிதம். குடும்பத் தலைவருக்கு, தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் சகோதரியின் பங்கு அமானிதம். காயிதே மில்லத் தம் அமானிதத்தை நிறைவேற்றிச் சென்றுவிட்டார். நம்முடையது இன்னும் நம் கையில் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் மண்ணறையை ஒளியால் நிரப்புவானாக! உரியவர்க்கு உரியதை உரிய காலத்தில் ஒப்படைக்கும் மனத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.