அத்தைக்குக் கிடைக்காத நன்மை

விவாகரத்து வாங்கியவர்கள் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கக் கூடாது என்று எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் பலர் நம்புகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டு மறுமணம் செய்யாமல் இருப்பவர், எல்லாரையும்போல நற்கருணை வாங்கலாம். என் பெரிய அத்தை இது தெரியாமலே இறந்துபோனார்.

மாமா கொழும்பில் வேறு குடும்பம் வைத்துவிட்டார். ஊரில் இருந்த வீட்டைக் காப்பாற்ற அத்தை கோர்ட்டுக்குப் போனார். அப்போது நடப்பில் இருந்தது 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம். மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் தொடுப்பை நிரூபித்தாலும் போதாது, கூடவே கொடுமையோ இரண்டு வருடம் கைவிட்டதோ இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் வேறு உறுதிசெய்ய வேண்டும். 2001-ல்தான் இதெல்லாம் திருத்தப்பட்டது. அத்தனையும் தாண்டி வந்த அத்தை, பூசையில் எல்லாரும் நன்மை வாங்கக் கிராதிக்கு எழுந்து போகும்போது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு பெஞ்சிலேயே முழந்தாளிட்டிருப்பார். சாமியார் யாரும் தடுத்ததாக நினைவில்லை. ஊர் வாய் போதுமே.

தண்டனைகள் இருந்தது உண்மை. ஆனால் அவை மறுமணத்துக்கானவை. 1884-ல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்பவர் அக்கணமே சபை நீக்கம் ஆவார் என்று விதித்தார்கள். அது 1977 வரை நீடித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஆயரின் எச்சரிக்கையை மீறி அந்த வாழ்க்கையைத் தொடர்பவரை நீக்க இடம் தந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. 1981-லேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மறுமணம் செய்தவர்கள் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள் அல்ல என்று எழுதிவிட்டார். நன்மைக்கு மட்டும் அவர் வழி விடவில்லை. பிள்ளைகளுக்காகப் பிரிய முடியாதவர்கள் அண்ணன் தங்கைபோல வாழ்ந்தால் வாங்கலாம் என்றார்.

இன்னொரு வழி, முதல் திருமணமே செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது. 1741-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், திருமண பந்தத்தின் பக்கம் நின்று வாதாட ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒருவரை நியமிக்கச் சொன்னார். ஒத்த தீர்ப்பு இரண்டு வேண்டும் என்றும் வைத்தார். அந்த இரண்டாம் தீர்ப்பின் கட்டாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல்தான் நீக்கினார். நம் நாட்டிலோ, திருச்சபைத் தீர்ப்பை மட்டும் வைத்துச் சட்டப்படி திருமணம் முறியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு வாசலும் ஏறி இறங்க வேண்டும்.

2016-ல் பிரான்சிஸ் எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா' மடலின் 351-ஆம் அடிக்குறிப்பு, சில சூழல்களில் மறுமணம் செய்தவர்களுக்கு அருளடையாளங்களின் உதவியும் உண்டு என்றது. அதைப் பற்றி நான்கு கர்தினால்கள் அவருக்கு ஐந்து கேள்விகள் அனுப்பினார்கள். அவர்களுக்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை; புவெனஸ் ஐரெஸ் வட்டார ஆயர்கள் எழுதி, தாம் ஏற்கெனவே பாராட்டியிருந்த வழிகாட்டியை வத்திக்கான் அரசிதழிலும் ஏற்றினார். சாமியார் கூட இருந்து ஒவ்வொருவர் வாழ்க்கையையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது அது. எனக்கு அது சரியாகவே படுகிறது. விவாகரத்து மட்டும் வாங்கியவர்களுக்கு அந்த விசாரிப்புகூடத் தேவையில்லை. ஞாயிறு பிரசங்கத்தில் இதைத் தெளிவாகச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு பங்கிலும் சொல்ல வேண்டும்.