கீழே இருக்கிற நம்பர்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியான வாரம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த ஒரு கடுப்பை எழுதித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க மக்களே.

அமெரிக்கா வந்த முதல் வருஷம் எனக்குக் கிடைச்ச கிரெடிட் கார்டோட லிமிட் 500 டாலர். அதுக்கும் நானே 500 டாலர் டெபாசிட் கட்டணும். குளிருக்கு ஜாக்கெட், பூட்ஸ், ரெண்டு கம்பளின்னு அந்த மாசம் 430 டாலர் தேய்ச்சேன். பில் வந்ததும் கடைசி தேதிக்கு முன்னாடியே ஒத்தப் பைசா பாக்கியில்லாம கட்டியாச்சு. அந்தச் சமயம் பார்த்துக் கார் லோனுக்குப் போனா, ஸ்கோர் 40 புள்ளிக்கு மேல இறங்கியிருக்கு, வட்டி கூடன்னுட்டாங்க. என் ரூம்மேட்டுக்கு 5000 டாலர் லிமிட். அவன் அதே 430 டாலரை மாசக்கணக்கா பாக்கி வச்சு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கிட்டு வர்றான். அவன் ஸ்கோர் அசையவே இல்லை!

கணக்கு சுலபம். 430ஐ 500ஆல வகுத்தா 86 சதவீதம். 5000ஆல வகுத்தா 8.6. மேலே இருக்கிற நம்பர் நம்ம கையில இருக்கு. கீழே இருக்கிற நம்பரை பேங்க் முடிவு பண்றான். ரெண்டையும் வகுத்து வர்றதுக்கு நான் ஜவாப்தாரி. இது எந்த ஊரு நியாயம், யாரு எப்ப ஆரம்பிச்சதுன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

ஆரம்பத்துல நம்பரே கிடையாது. 1837ல அமெரிக்காவுல பெரிய பொருளாதார நெருக்கடி வந்தப்போ, கடனுக்குச் சரக்கு கொடுத்திருந்த நியூயார்க் பட்டு வியாபாரிகள் டாப்பன் சகோதரர்கள் கடை திவாலாச்சு. தம்பி லூயிஸ் டாப்பன் 1841ல மெர்கன்டைல் ஏஜென்சின்னு ஒண்ணைத் தொடங்கினார். ஊர் ஊரா வக்கீல்களைப் பிடிச்சு, அந்தந்த ஊர் வியாபாரி எப்படிப்பட்டவன், குடிப்பானா, சொத்து இருக்கான்னு எழுதி அனுப்பச் சொல்லி, பெரிய பெரிய பேரேடுகள்ல பதிஞ்சு வச்சார். காசு கட்டின கடைக்காரங்க வந்து கேட்டுட்டுப் போகலாம். ஒரு விஷயம், இந்த டாப்பன் அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட மனுஷன். அமிஸ்டாட் கப்பல் ஆப்பிரிக்கர்களுக்காக வழக்கு நடத்தப் பணம் திரட்டினவர்கள்ல முக்கியமானவர். அவர் ஆரம்பிச்சதுதான் நம்ம வண்டவாளத்தை எழுதி வைக்கிற தொழில்!

இது வியாபாரிகளுக்கு. சாதாரண ஜனங்களைப் பத்தி எழுதி வைக்க அட்லாண்டாவுல 1899ல ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி வந்தது. 1975ல பேரை மாத்தி ஈக்விஃபாக்ஸ் ஆனது இவங்கதான். இதுலயும் பக்கத்து வீட்டு வம்பு நிறைய. இதைத் தாண்டிடுவோம்.

என் கதைக்கு முக்கியமான ஊர் கலிஃபோர்னியாவுல இருக்கிற ஃப்ரெஸ்னோ. 1958 செப்டம்பர்ல பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஊர்ல 60,000 கார்டுகளைத் தபால்ல அனுப்பினாங்க. யாரும் கேக்கலை, விண்ணப்பம் கிடையாது. ஒரு நாள் காலையில தபால்பெட்டியைத் திறந்தா கடன் வாங்கற அட்டை! ஜோசப் வில்லியம்ஸ்னு ஒரு அதிகாரியோட ஐடியா. கடைக்காரனுக்கு ஜனங்க கையில கார்டு இருந்தாதான் சேருவான், ஜனங்களுக்குக் கடை இருந்தாதான் கார்டு வேணும். ஒரே நாள்ல ஊர் முழுக்கக் கொடுத்துட்டா இந்த முட்டுக்கட்டை தீர்ந்தது.

அதுக்கு முன்னாடி கடன்னா மளிகைக்கடை அக்கவுண்ட் நோட்டு மாதிரி. கடைக்காரனுக்கு உங்களைத் தெரியும், "போதும்பா, பழசைக் கட்டிட்டு வா"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லுவான். இப்ப கடைக்காரன் கையில வெறும் பிளாஸ்டிக் அட்டை. ஆளைத் தெரிஞ்ச கண்ணுக்குப் பதிலா ஒரு எண் வேணும். அதுதான் லிமிட். ஃப்ரெஸ்னோக்காரங்களுக்குக் கொடுத்தது 300லேர்ந்து 500 டாலர் வரைக்கும். இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்னோட லிமிட்டும் அதே 500! அந்தக் காலத்து 500ல என்னென்ன வாங்கியிருக்கலாம்!

வில்லியம்ஸ் 4 சதவீதம் கணக்குதான் பாக்கி விழும்னு நினைச்சிருந்தார். விழுந்தது 22 சதவீதம். திருட்டுக் கார்டு, மோசடி வேற. மனுஷன் வேலையை விட்டுப் போனார். ஆனா பேங்க் விடலை, சில வருஷத்துல லாபம் பார்த்தாங்க. 1976ல அந்தக் கார்டுக்கு விசான்னு பேர் மாத்தினாங்க. கேக்காம கார்டு அனுப்பறதை 1970லதான் சட்டம் போட்டுத் தடுத்தாங்க.

இதே சமயத்துல இன்னொரு பக்கம் பில் ஃபேர்னு ஒரு இன்ஜினியரும் எர்ல் ஐசக்னு ஒரு கணித மேதையும் 1956ல ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருந்தாங்க. பழைய கடன்களைப் புள்ளியியலால அலசினா, யார் திருப்பிக் கட்டுவாங்கன்னு மார்க் போட்டுச் சொல்லலாம்கிறது அவங்க சரக்கு. 1958ல 50 கடன் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டாங்க. பதில் வந்தது ஒரே ஒண்ணு. (பயோடேட்டாவை ஊரெல்லாம் அனுப்பிட்டு ஒரு இன்டர்வியூ வந்த நம்ம நிலைமைதான் :-))

ஆரம்பகால மார்க் சீட்டுல என்ன வேலை, சொந்த வீடா, வீட்டுல போன் இருக்கா, எத்தனை வருஷமா ஒரே விலாசம்னு எல்லாம் இருந்தது. 1974ல கடன்ல ஆண் பெண் பாகுபாடு, கல்யாண நிலை பார்க்கக் கூடாதுன்னு சட்டம், 1976ல இனம், மதம் எல்லாம் சேர்ந்தது. 1989ல ஃபேர் ஐசக் எல்லா பேங்குக்கும் பொதுவா ஒரு ஸ்கோரை வெளியிட்டப்போ, அதுக்குத் தீனி கடன் பீரோ கோப்புல இருந்த விவரம் மட்டும்தான். கோப்புல சம்பளம் கிடையாது. இருக்கிறது என்ன? ஒழுங்கா கட்டினியா, பாக்கி எவ்வளவு, லிமிட் எவ்வளவு. சம்பளம் தெரியாத இடத்துல பாக்கிக்கும் லிமிட்டுக்கும் உள்ள விகிதம் வந்து உட்கார்ந்துகிச்சுன்னு எனக்குத் தோணுது. லிமிட்டை முட்ட முட்டச் செலவழிக்கிறவங்கதான் பின்னாடி அதிகமா தடுமாறுறாங்கன்னு புள்ளிவிவரமும் காட்டுது, அதை மறுக்க முடியாது. ஃபைகோ கணக்குல கட்டின வரலாறு 35 சதவீதம், பாக்கி சம்பந்தப்பட்டது 30. 1995ல வீட்டுக் கடனுக்கும் இந்த ஸ்கோரைப் பாருங்கன்னு ஃபேனி மேவும் ஃப்ரெடி மேக்கும் சொன்னதும் இது தலையெழுத்தாவே ஆயிடுச்சு.

இப்பதான் மேட்டர். அந்தக் கீழ் நம்பரை எல்லா பேங்கும் பீரோவுக்குச் சொல்லவே இல்லை! நல்ல கஸ்டமர் யார்னு போட்டிக்காரன் மோப்பம் பிடிச்சு இழுத்துடுவான்னு பயம். ஃபெடரல் ரிசர்வ் 2003ல வெளியிட்ட ஆய்வுல, 1999ஆம் வருஷ மாதிரியில சுமார் 70 சதவீதம் பேருக்கு ஒரு கார்டுலயாவது லிமிட் பதிவாகலைன்னு போட்டிருந்தாங்க. லிமிட் இல்லாட்டி எதால வகுக்கறது? இதுவரைக்கும் இருந்த அதிகபட்ச பாக்கியையே லிமிட்டா எடுத்துக்குவாங்க. நிஜ லிமிட் 5000, என்னிக்கோ அதிகபட்சமா 800 வச்சிருந்தீங்க, இப்ப பாக்கி 720ன்னு வைங்க. நிஜத்துல 14.4 சதவீதம். ஸ்கோர் கண்ணுக்கு 90! சிக்கனமா இருந்தவனுக்குத்தான் அடி. கேபிடல் ஒன் மாதிரி பெரிய கம்பெனியே 2007லதான் லிமிட்டைச் சொல்ல ஆரம்பிச்சது. கோட்ல நல் வேல்யூ வந்தா ஏதோ ஒண்ணைப் போட்டு ஒப்பேத்தறதுக்கு நாங்க திட்டு வாங்குவோம். இங்க ஊர் ஜனத்தோட வட்டியையே அப்படி ஒப்பேத்தியிருக்காங்க.

அடுத்த வருஷமே 2008 நெருக்கடி. பேங்குகள் பயந்துபோய் லிமிட்டை வெட்ட ஆரம்பிச்சாங்க. அட்லாண்டாவுல ஒழுங்கா பணம் கட்டிட்டிருந்த ஒருத்தரோட லிமிட்டை 10,800லேர்ந்து 3,800 ஆக்கினாங்க. நீங்க போற கடைகள்ல வாங்கற மத்தவங்க சரியா கட்டறதில்லைன்னு ஒரு காரணமும் சொன்னாங்களாம். விஷயம் பத்திரிகையில நாறி, 2009 கார்டு சட்டத்துல இதை ஆராயச் சொல்லி ஃபெடரல் ரிசர்வுக்கு உத்தரவே போட்டாங்க. சும்மா ஒரு கணக்குக்கு, 1,900 பாக்கி இருந்த ஆளுக்கு இப்படி வெட்டினா 18 சதவீதத்துக்குள்ள இருந்தது 50 ஆயிடும். அவர் ஒரு டாலர்கூடப் புதுசா செலவழிக்கலை.

எனக்கு நடந்ததுக்கும் காரணம் கிடைச்சது. ஸ்டேட்மென்ட் போடற அன்னிக்கு என்ன பாக்கியோ அதைத்தான் பேங்க் பெரும்பாலும் பீரோவுக்கு அனுப்பும். ஒரே ஒரு போட்டோ. நான் அதுக்கப்புறம் முழுசா கட்டினது அந்தப் போட்டோவுல விழாது. முழுசா கட்டறவனையும் பாக்கியை உருட்டறவனையும் பிரிச்சுப் பார்க்க, ரெண்டு வருஷ ஓட்டத்தையே கணக்குல எடுக்கிற ஃபைகோ 10டி 2020ல வந்தது. ஆனா கடன் கொடுக்கிற நிறைய பேர் பழைய மாடலை வச்சேதான் ஓட்டுறாங்க.

இப்பல்லாம் ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூணு நாள் முன்னாடியே கட்டிடறேன். ஸ்கோர் அடுத்த மாசமே பழைய இடத்துக்கு வந்துடுச்சு. கார் லோன் வட்டி மட்டும் 60 மாசத்துக்கும் அன்னிக்கு எழுதினதுதான். இன்னும் 41 மாசம் பாக்கி.