அரிப்புக் கரையின் துறப்பணம்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் இருக்கிறது அரிப்பு. முத்துச் சலாபம் நடந்த நாள்களில் தங்குவதற்கென்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அங்கே கட்டிய மாளிகையின் எச்சங்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. சலாபம் என்றதும் முத்தும் மூச்சடக்கிக் குளித்தவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். முத்தைக் கோக்கும்படி துளைத்த சிறு கருவியான துறப்பணத்தை நாம் மறந்துவிட்டோம்.

1807இல் வெளிவந்த ஜேம்ஸ் கோர்டினரின் இலங்கை நூல் அதை விரிவாகச் சொல்கிறது. கவிழ்த்த கூம்பு வடிவில், மூன்று கால்களில் நிற்கும் ஒரு மரக்கட்டை. அதன் தட்டையான மேற்பரப்பில் முத்துகளை இறுக்கிவைக்கச் சிறு குழிகள். ஐந்து அங்குல நாணல் தண்டில் பொருத்திய ஊசி. தண்டின் மேல்முனை சிரட்டைத் துண்டொன்றில் சுழலும். அந்தச் சிரட்டையைத் தொழிலாளி நெற்றியால் அழுத்துவார். வலக்கை மூங்கில் வில்லை இழுக்கும். அதே கையின் சுண்டுவிரல் இடையிடையே தண்ணீர் தொட்டு ஊசியைக் குளிர்விக்கும். பெரிய முத்துகளில் கையைப் பழக்கிய பிறகே சிறியவற்றுக்குப் போவார்கள்.

சிறு துளையிடும் கலை அரிப்பைவிட மிகப் பழையது. இன்றைய பாகிஸ்தானின் மெஹர்கரில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்முனையால் மனிதப் பற்களைத் துளைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் பல் மருத்துவமே இந்தக் கருவியை முன்னே தள்ளியது. 1871இல் ஜேம்ஸ் மோரிசன் காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தைச் சேர்த்தார். 1930களில், அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் ட்ரெமல் தொடங்கிய நிறுவனம், கைக்குள் அடங்கும் சுழல்கருவியை வீட்டு மேசைகளுக்குக் கொண்டுவந்தது. மன்னார்ச் சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்த கம்பனியோ, சிப்பிகள் அற்றுப்போய் 1912இல் முடிந்துபோயிருந்தது.

இன்று சிறு படகு, ரயில், விமான மாதிரிகளைச் செய்வோர் கையில் இருப்பது இந்தச் சுழல்கருவிதான். வாங்கும்போது பலரும் அதிக வேகத்தையே தேடுகிறார்கள். அது தவறு. மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் அது இளகிவிடும். வேகம் கூடினால், உராய்வுச் சூட்டில் துளை விழுவதற்கு முன் பிளாஸ்டிக் உருகும். அரிப்புத் தொழிலாளி சுண்டுவிரலால் தணித்ததும் இதே சூட்டைத்தான்.

ஆகவே நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கும் கீழே இறங்கக்கூடிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியையே எடுங்கள். கடையிலேயே மெல்லிய ஊசியொன்றைப் பொருத்தி ஓட்டச் சொல்லுங்கள். சுழலும்போது முனை தடித்துத் தெரிந்தால் அது ஆடுகிறது, வேண்டாம். மெல்லிய ஊசிகளையும் இறுகப் பிடிக்கும் பல அளவுப் பிடிகள் உடன் வர வேண்டும். வேலைப்பொருளை இறுக்க ஒரு சிறு கிடுக்கியையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த துளைகளுக்கு மின்சாரம் தேவையில்லை; விரலால் திருகும் கைத்துளைக்கருவி போதும். சிப்பி, சங்கு துளைப்பவர்கள் தண்ணீரும் முகக்கவசமும் இல்லாமல் தொடங்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, கருவியின் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பதையே.