மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசிய வனத்தை ஒட்டிக் கிடக்கிறது வில்கமுவ. நெல் வயல்களும் யானை வேலிகளும் நிறைந்த ஊர். அண்மையில் ஒரு செய்திக் கட்டுரைக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது, வீதியோரக் கராஜ் ஒன்றில் சற்று நேரம் நிற்க நேர்ந்தது. இருபது வயது மதிக்கத்தக்க சிங்கள இளைஞர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சைலன்சர் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பழைய சைலன்சர் மண்ணில் கிடந்தது. புதியது குட்டையானது, ஊரையே எழுப்பும் ஒலி அதற்கு.

குழலைப் பூட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. கராஜ்காரர் காபரேட்டரைத் திறந்து, ஊசியில் மாட்டியிருந்த சிறு கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினார். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்த்தார். “இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பெற்றோல் போதவில்லை” என்று சிங்களத்தில் சொன்னார்.

பிளக்கின் நுனி வெளிறியிருந்தால் கலவையில் காற்று மிகுதி. கரிபடிந்து கறுத்திருந்தால் எண்ணெய் மிகுதி. இளம் மண்ணிறமே சரியானது. பெற்றோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வாயு இலகுவாக வெளியேறும் குழலைப் பூட்டினால் இயந்திரம் காற்றைக் கூடுதலாக இழுக்கும். அதற்கேற்ப எண்ணெயைக் கூட்டாவிட்டால் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடேறும். ஊசியை ஒரு படி உயர்த்துவதும், ஜெட் எனப்படும் நுண்துளையைப் பெரிதாக்குவதும் அதனால்தான். வாயிலில் மாற்றம் செய்தால் அடுப்பிலும் மாற்றம் செய்தாக வேண்டும் என்பது இக்கலையின் முதல் பாடம்.

புகைபோக்கும் குழலை வெறும் புகைபோக்கியாகப் பார்க்காமல் இயந்திரத்தின் உறுப்பாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வால்ற்றர் காடன். இரண்டாம் உலகப் போரில் பீனமுண்டே ஆயுத ஆய்வுத் தளத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின் கிழக்கு ஜேர்மனியின் எம்.செற். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் சேர்ந்தார். குழலின் வடிவத்தைக் கணக்கிட்டு அமைத்து, வெளியேறும் வாயுவின் அழுத்த அலையையே கொண்டு, தப்பியோடும் புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ள வைத்தார். 1961 செப்டெம்பரில் சுவீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார். அந்த நுட்பம் சுசூக்கி நிறுவனத்தைச் சென்றடைந்தது. 1962இல் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசூக்கிக்கும் கிடைத்தது. ஒரு குழலின் வளைவுக்குள் பனிப்போரின் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது.

வில்கமுவ இளைஞருக்கு வேண்டியது வேகமும் சத்தமும். காடன் தேடியதும் வேகத்தைத்தான். ஆனால் காபரேட்டரின் முன் குந்தியிருந்து கலவையைத் திருத்தும் கைகளை நான் முதன்முதலில் பார்த்த இடத்தில் வேகம் பற்றி எவருக்கும் கவலையில்லை. வண்டி நகர்ந்தாலே போதும் என்றிருந்த காலம் அது. இடம் யாழ்ப்பாணம். நான் அப்போது மாணவன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எனப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும், விளக்குக்கும் அடுப்புக்குமென அளவோடு வந்தது. நாளேடுகள் கோடிட்ட கொப்பித் தாள்களில் அச்சாகின. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த திரிவிளக்கில்தான் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டோம்.

அந்த மண்ணெண்ணெயைத்தான் மோட்டார் சைக்கிள்களும் குடித்தன. எண்பதுகளில் வந்திறங்கிய ஹொண்டாக்களும், அவற்றுக்கும் மூத்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் தெருவில் வெண்புகை கக்கியபடி ஓடின. புறப்படும்போது மட்டும் சில துளி பெற்றோல். கண்மருந்துப் போத்தல் போன்ற சிறு பிளாஸ்ரிக் போத்தலில் அதை வைத்திருப்பார்கள். காபரேட்டரின் காற்று வாயிலுக்குள் இரண்டு முறை பீச்சிவிட்டு உதைத்தால் இயந்திரம் பற்றிக்கொள்ளும். சூடேறியதும் மண்ணெண்ணெய் தன் வேலையைத் தொடங்கும். சந்தியில் நின்று பேசும்போதும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் ஆறும், ஆறினால் மறுபடியும் அந்த விலைமதிப்பற்ற துளிகளைச் செலவிட வேண்டும்.

இதன் விஞ்ஞானம் எளிது. பெற்றோல் உறைகுளிரிலும் ஆவியாகும். தீப்பொறி பட்டதும் எரியும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி தரும். குளிர்ந்த சிலிண்டருக்குள் அது துளியாகவே போய்த் துளியாகவே கிடக்கும். சூடான இயந்திரத்தில் ஆவியாகிவிடும் என்றாலும், அழுத்தம் கூடினால் நேரங்கெட்டு வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்: இயந்திரம் சூடாகவே இருக்க வேண்டும், அழுத்தம் குறைய வேண்டும், கலவை மாற வேண்டும். அழுத்தத்தைக் குறைக்க எளிய வழி, சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே தடித்த கஸ்கெட் வைப்பது. பழைய ஆங்கிலேயக் கார்களின் அழுத்த விகிதம் பிறப்பிலேயே குறைவு. ஆகவே அவை இணங்கிப் போயின. கலவையைப் பொறுத்தவரை ஊசியும் ஜெட்டும்தான், வில்கமுவவில் பார்த்த அதே ஊசி, அதே ஜெட்.

“தடை போட்டார்கள், நாங்கள் கண்டுபிடித்தோம்” என்று இக்கதையை இன்று மேடைகளில் சொல்கிறார்கள். புலம்பெயர் நாடுகளின் ஒன்றுகூடல்களிலும் கேட்டிருக்கிறேன். கைதட்டலுக்கு ஏற்ற கதை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

முதலாவது, அது வெறுங்கையிலிருந்து முளைத்த கண்டுபிடிப்பு அல்ல. யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் போருக்கு வெகு முன்பே மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் கைவந்த செயல். கடற்கரைக்குப் போனால் மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடியவையே. தோட்டத்திலும் கடலிலும் இருந்த அறிவு தெருவுக்கு ஏறி வந்தது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. மேற்கிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பிரித்தானியாவின் ஃபோர்ட்சன், ஃபெர்குசன் உழவு இயந்திரங்கள் பல, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பெற்றோலுக்குச் சிறு தாங்கி ஒன்று, மற்றதற்குப் பெரிய தாங்கி ஒன்று. புகைபோக்கியால் வீணே வெளியேறும் சூட்டைத் திருப்பி, உள்ளே வரும் எரிபொருளை ஆவியாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் கரிவாயு பஸ்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எரிபொருள் கிடைக்காத இடத்தில் இத்தகைய அறிவு எங்கும் தலைதூக்கியே வந்திருக்கிறது.

இரண்டாவது, அதற்குக் கொடுத்த விலை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களின் இடுக்கால் கீழிறங்கி மசகெண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். வளையம் தேயும், பெயாரிங் தேயும். பிளக் கரியேறி அடிக்கடி சாகும். சைலன்சரின் உட்குழலில் கரி அடைத்து வாயு வெளியேற வழியில்லாமல் இயந்திரம் மூச்சுத் திணறும். கழற்றித் தீயிலிட்டுச் சுட்டு, தட்டிக் கொட்டிவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ஒரு வண்டியைக் கொன்று இன்னொன்றை வாழ வைத்தார்கள். அந்தப் புகையைப் பின்னால் வந்த சைக்கிள்காரர் அனைவரும் சுவாசித்தோம். கண் எரியும், தொண்டை கமறும். அதைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. குண்டுவீச்சு விமானத்தின் ஒலிக்குக் காதைத் தீட்டி நின்ற காலத்தில் புகை ஒரு பொருட்டா?

எங்கள் ஒழுங்கையில் ஓர் இரவு. அயல்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி. மோட்டார் சைக்கிள் இருந்தது, தாங்கியில் மண்ணெண்ணெயும் இருந்தது. மாடத்தில் வைத்திருந்த சிறு போத்தலை எடுத்துப் பார்த்தால் காலி. மூடி இறுக மூடப்படாததால் பெற்றோல் ஆவியாகிப் போயிருந்தது. உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த இயந்திரம் இருமக்கூட இல்லை. கடைசியில் சைக்கிள் கரியரில் அவரை இருத்தி, இருபுறமும் இருவர் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு உருட்டிச் சென்றோம். அக்கா பிழைத்தார். குழந்தை தங்கவில்லை. மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளின் புகழைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலிப் போத்தல்தான் என் கண்ணில் நிற்கிறது.

இதைச் சொல்வதால் அந்தக் கராஜ்காரர்களின் திறமையை நான் குறைத்துக் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். அளவுகோல் கிடையாது, புதிய ஜெட் கிடையாது, வழிகாட்டி நூல் கிடையாது. காதால் கேட்டு, நிறத்தைப் பார்த்து, விரலால் சூட்டைத் தொட்டு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கலவையைத் திருத்தியவர்கள் அவர்கள்.

1994இன் பிற்பகுதியில் தடை சற்றுத் தளர்ந்து, 1995 ஏப்ரலில் போரோடு திரும்பி வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது வன்னிக்குச் சென்ற பொருள்களில் அந்தச் சிறு போத்தல்களும் அடங்கும். 2002இல் தடை நீங்கி ஏ9 வீதி திறந்ததும் இந்திய மோட்டார் சைக்கிள்கள் வடக்குக்கு வந்து குவிந்தன. மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பியது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடியும் மூடப்பட்டது.

தெற்கு இதன் ஒரு சிறு துளியை 2022இல்தான் சுவைத்தது. நாட்கணக்கில் வரிசை, பின்னர் கியூஆர் அட்டை, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவாயிற்று. வள்ளக்காரர்கள் கரையேறி நின்றார்கள். வில்கமுவ கராஜ்காரரிடம் யாழ்ப்பாணத்துக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “பெற்றோலை எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஊசியை எத்தனை படி உயர்த்தினார்கள்?” என்று கேட்டார். தொழில்காரனின் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

புதிய வண்டிகளில் காபரேட்டரே இல்லை. எண்ணெயின் அளவைக் கணினி தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இலங்கைத் தெருக்களில் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஊசியைத் தொட்டறிந்த கைகளுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்களோ பாரிஸ், ரொறன்ரோ, இலண்டன் என்று சிதறிப் போனார்கள். பலர் மறைந்தும் போனார்கள். தடைக்காலத்தைப் பற்றிக் கவிதை உண்டு, கதை உண்டு, அறிக்கைகளும் உண்டு. எந்த ஹொண்டாவுக்கு எந்த அளவு ஜெட், கஸ்கெட் எத்தனை தடிப்பு, ஊசி எத்தனையாவது படியில் என்று எழுதிவைத்த ஒரு தாளை நான் இதுவரை கண்டதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தந்தையோ மாமாவோ, அவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார்த்திக் கேளுங்கள். எண்களோடு எழுதி வாங்குங்கள்.