சிறைப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடி

தம் குலத்தின் பழமையைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டத்தையும் பட்டயத்தையும் எதிர்பார்த்தே புறப்படுகிறார்கள். ஆஸ்திரேலிய நாட்டிலோ அப்படிப் புறப்பட்டவர்களில் பலர் கைதிகளின் பதிவேட்டில் போய் நிற்கிறார்கள். 1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 1,62,000 கைதிகள், பெரும்பாலும் இங்கிலாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து, கப்பலேற்றி அங்கு அனுப்பப்பட்டனர். கைக்குட்டை திருடியவனும், ஆடு திருடியவனும், அரசை எதிர்த்து எழுந்தவனும் ஒரே கப்பலில் சென்றார்கள். தண்டனை ஏழாண்டு, பதினான்கு ஆண்டு, அல்லது ஆயுள். காலம் முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பற் கூலிக்கு ஏழை எங்கே போவான்? பெரும்பாலோர் அங்கேயே மணந்து, நிலம் திருத்தி, மக்களைப் பெற்று, அம்மண்ணிலேயே அடங்கினர்.

வெட்கம் வந்தது பேரப்பிள்ளைகள் காலத்தில்தான். "எங்கள் பாட்டனார் சுதந்திர மனிதராகத் தாமே வந்தவர்" என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் பல. கைதிகள் தீவு எனப் பெயர் கெட்டிருந்த வான் டீமன்ஸ் லாந்து, 1856-ல் தாஸ்மேனியா எனப் பெயர் மாற்றிக்கொண்டது. தீவின் பெயரை மாற்றலாம்; ஏட்டை என்ன செய்வது?

அந்த ஏடுகள் ஹோபார்ட் நகர ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆஸ்திரேலியக் கைதிகளின் பதிவேடுகளை 2007-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கைதியின் பெயர், கப்பல், தீர்ப்பு வழங்கிய ஊர், தண்டனை, தன் குற்றத்தைப் பற்றி அவனே சொன்ன வாக்குமூலம் ஆகியவை அவற்றில் உள்ளன. உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம் முதலியனவும் எழுதப்பட்டன. நிழற்படம் இல்லாத காலம் அல்லவா! ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அங்க அடையாளமே இன்று கொள்ளுப்பேரனுக்குப் பாட்டனின் முகத்தைக் காட்டுகிறது.

தேடுகிறவர் பின்னிருந்து முன்னோக்கிச் செல்ல வேண்டும். முதலில் இறப்பு, திருமணப் பதிவுகள். அங்கிருந்து கப்பலின் பெயர். கப்பலிலிருந்து கைதிகள் பட்டியல். அதிலிருந்து தாய்நாட்டு நீதிமன்ற ஏடு. ஒரே பெயரில் பலர் இருப்பர். கப்பலும் தீர்ப்பு நாளும் ஒத்துவராமல் எவரையும் பாட்டனாக்கிக் கொள்ளலாகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறை எழுத்தன் குற்றத்தையே எழுதுவான். குடித்தான், எதிர்த்துப் பேசினான், இத்தனை கசையடி என்று வரிசையாக இருக்கும். ஒழுங்காய் வேலை செய்த நாட்களுக்கு அங்கே இடமில்லை. ஏட்டில் வெற்றிடமே நற்சான்று. அம்மனிதனின் மற்றப் பாதியை அறியக் கோவில் புத்தகங்களுக்குத்தான் வரவேண்டும். மணந்த நாள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் பெற்ற நாள், ஞானத்தந்தையாய் நின்றவர் பெயர் எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

இம்மலருக்காகக் குடும்ப விவரம் திரட்டியபோது, "தாத்தா சிறை சென்றதை மட்டும் எழுதிவிடாதீர்கள், சுவாமி" என்று ஒருவர் நம்மிடம் கேட்டுக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டோம். அது அவர் குடும்பத்தின் உரிமை. ஆயினும் மத்தேயு தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே வம்ச வரிசை எழுதுகையில் உரியாவின் மனைவியை மறைக்கவில்லை என்பதை அவருக்கு நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

2008-ல், அப்போது ஆஸ்திரேலியப் பிரதமராயிருந்த கெவின் ரட் அவர்களின் வம்சாவளி ஆராய்ந்து வெளியிடப்பட்டது. அதில் வந்தவள் மேரி வேட். இலண்டனில் இவளும் இன்னொரு பெண்ணும் எட்டு வயதுக் குழந்தையின் உடையைப் பறித்தனர். 1789 ஜனவரியில் பழைய பெய்லி நீதிமன்றம் இவளுக்கு விதித்தது மரண தண்டனை! அப்போது அவள் பதின்மூன்று வயதைத் தாண்டாத சிறுமி. பிறகு தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, லேடி ஜூலியானா என்ற கப்பலில் 1790-ல் சிட்னி சேர்ந்தாள். 1859-ல் அவள் இறந்தபோது 300-க்கும் மேற்பட்ட வழித்தோன்றல்கள் உயிரோடு இருந்தனர் என்பர்.

நம்மவர்களும் இக்கதைக்குப் புறம்பானவர் அல்லர். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட முதல் இந்தியக் கைதிகளில் 80 பேர் சென்னை மாகாணத்தார். இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்ததே அங்குள்ள ஆங்கிலிக்கன் சபையின் புனித அந்திரேயா பேராலயம். ஆயுள் கைதியின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தும் கொடிய வழக்கம் நம் நாட்டில் 1849-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அந்த நெற்றியோடு பிழைத்தவன் எந்த ஊரில், யாரிடம் எதை மறைத்திருக்க முடியும்?

குருக்கள் பெயரும் அந்தக் கைதிகள் ஏட்டில் உண்டு. அயர்லாந்தின் வெக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் டிக்சன் சுவாமியார், 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்குகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1800-ல் கைதியாகச் சிட்னியில் இறக்கப்பட்டார். 1803 மே 15-ல் ஆளுநர் அனுமதியோடு அவர் அங்கே பகிரங்கமாகத் திருப்பலி நிறைவேற்றினார். பூசை உடை பழைய திரைச்சீலையில் தைத்தது. தகரப் பாத்திரம் ஒரு கைதி செய்து கொடுத்தது என்று சொல்வார்கள். மறு ஆண்டு மார்ச்சில் காசில் ஹில் என்னுமிடத்தில் கைதிகள் கிளர்ந்தெழவே, அந்த அனுமதி பறிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் டிக்சன் அயர்லாந்து திரும்பி, 1840-ல் இறக்கும்போது ஒரு நாட்டுப்புறப் பங்கின் பங்குக் குருவாயிருந்தார்.