பேரண்ட முடுக்கமும் சராசரி என்னும் சிக்கலும்

1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், தொலைவிலுள்ள ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டன. அவை அளந்தவை பொலிவும் செம்பெயர்ச்சியும் மட்டுமே. பேரண்டத்தின் விரிவு முடுகுகிறது என்பது அளவீடு அன்று. பொருள் எங்கும் சீராக நிரவியுள்ளது என்ற எடுகோளின் வழியே அந்த அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட முடிவு. அந்தச் சீர்மையைக் கேள்விக்குள்ளாக்கும் மாற்றுதான், முடுக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் இருண்ட ஆற்றலுக்கு எதிரான மாற்றுகளுள் இன்று தீவிரமாகச் சோதிக்கத் தக்கது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு தெளிவு. இருண்ட ஆற்றலாகக் கருதப்படும் வெற்றிட ஆற்றலின் கோட்பாட்டு மதிப்பீடு, வானியல் காட்டும் மதிப்பைவிட ஏறக்குறைய பத்தின் 120ஆம் அடுக்கு மடங்கு பெரியது என்பதை மாற்றுக் கோட்பாட்டாளர் அடிக்கடி சுட்டுவர். இது பெரும் சிக்கல்தான். ஆனால் இருண்ட ஆற்றலை நீக்கிவிட்டாலும் அது நீங்காது. அவ்வளவு பெரிய வெற்றிட ஆற்றல் ஏன் ஈர்ப்பை உண்டாக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். எனவே இது எந்த மாற்றுக்கும் சான்றாகாது.

சூப்பர்நோவாக்களின் ஒளியை இடைவெளியிலுள்ள தூசு மறைக்கிறது என்பது எளிய விளக்கம். ஜெயந்த் நார்லிகரும் உடன் ஆய்வாளர்களும் ஊசி வடிவ உலோகத் துகள்களை முன்வைத்து இத்தகைய விளக்கத்தை வளர்த்தனர். ஆனால் 2005இல் விண்மீன் மண்டலங்களின் பரவலில் ஒரு நிலையான நீள அளவு இனங்காணப்பட்டது. அதைத் தூசு மறைக்க இயலாது. அந்த அளவுகோலும் முடுக்கத்தோடு ஒத்த வரலாற்றையே காட்டுவதால், தூசு விளக்கத்தின் வலிமை பெரிதும் குன்றிவிட்டது.

ஈர்ப்பு விதியையே மாற்றியவர்களுக்கு வேறு வகையில் அடி விழுந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து சேர்ந்து 1.7 நொடியில் காமாக் கதிர்களும் வந்தன. இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு நுட்பத்தில் ஒன்று என உறுதியாயிற்று. ஈர்ப்பலையின் வேகம் மாறும் என்று கூறிய பல மாதிரிகள் ஒரே நாளில் வலுவிழந்தன. கோட்பாடு தோற்பதற்கும் இடம் தரும் சோதனை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

எஞ்சுவது சராசரிச் சிக்கல். கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு, ஓரிடத்து விரிவின் வேகம் எவ்வாறு மாறும் என்பதை அங்குள்ள அடர்த்தி, உருத்திரிபு, சுழற்சி ஆகியவற்றால் கூறுகிறது. தாமஸ் புகெர்ட் 2000இல் அதைப் பெரும் பரப்புக்குச் சராசரிப்படுத்தியபோது, இடத்துக்கு இடம் விரிவு வேறுபடுவதால் ஒரு கூடுதல் உறுப்பு தோன்றியது. பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் நேரியல் அல்ல. எனவே சராசரி எடுத்துவிட்டுத் தீர்ப்பதும், தீர்த்தபின் சராசரி எடுப்பதும் ஒன்றாகா. அந்த வேறுபாடு சிறியதா பெரியதா என்பதே முழு வழக்கு. மிகச் சிறியது என்று கிரீன், வால்டு இருவரும் கணித வழியில் வாதிட்டனர். புகெர்ட் உள்ளிட்டோர் அந்த நிறுவலின் எடுகோள்களை மறுத்தனர்.

நியூசிலாந்தின் டேவிட் வில்ட்ஷயர் 2007 முதல் இன்னும் துணிந்து செல்கிறார். விண்மீன் மண்டலங்கள் செறிந்த பகுதியிலுள்ள நம் கடிகாரமும், வெறும்வெளியின் கடிகாரமும் காலப்போக்கில் பெரிதும் விலகுகின்றன. முடுக்கம் அந்த விலகலின் தோற்றம் என்கிறார். 2024 டிசம்பரில் அவரது குழு சுமார் 1,500 சூப்பர்நோவாக்களின் தரவு தம் மாதிரிக்குச் சாதகம் என அறிவித்தது. பொலிவுத் தரவுக்கு மட்டும் பொருந்துவதை நான் வெற்றியாகக் கொள்ளமாட்டேன். தூசும் ஒருகாலத்தில் பொருந்தியதே.

தீர்ப்பு வேறிடத்தில் உள்ளது. ஆலன் சாண்டேஜ் 1962இலேயே ஆராய்ந்தபடி, ஒரே பொருளின் செம்பெயர்ச்சி ஆண்டுகள் செல்லச் செல்ல மாறும். வழக்கமான மாதிரியில் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 2க்குக் கீழே அது கூடும். அதற்கு மேலே குறையும். உண்மையான முடுக்கம் இல்லாத வெறும்வெளி மாதிரிகளில் எங்கும் குறையவே செய்யும். மாற்றத்தின் அளவு பத்தாண்டுக்குச் சில சென்டிமீட்டர்/நொடி மட்டுமே. சிலியில் எழும் 39 மீட்டர் தொலைநோக்கி உயர் செம்பெயர்ச்சிப் பகுதியையே எட்டும். குறி மாறும் தாழ்பகுதிக்கு, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமையும் எஸ்கேஏ வானொலித் தொலைநோக்கி அதன் முழு வளர்ச்சியை அடைந்தாக வேண்டும். அங்கே செம்பெயர்ச்சி கூடுவதாகத் தெரிந்தால், அத்தகைய மாதிரிகளுக்கு நிற்க இடமிராது.