பேயைத் தாங்கிய பசை

1966-ல் வந்த ‘யார் நீ?’ படத்தில், வெள்ளைச் சேலையோடு இருட்டிலிருந்து வெளிப்படும் ஜெயலலிதாவைப் பார்த்து நடுங்கிய தலைமுறை ஒன்று உண்டு. ராஜ் கோஸ்லாவின் ‘வோ கௌன் தி?’ என்ற இந்திப் படத்தைத் தழுவி, பி.எஸ்.வீரப்பா தயாரித்து சத்யம் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். அந்தச் சேலை அவ்வளவு வெளுப்பாக எப்படித் தெரிந்தது? கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இருட்டு என்பது வெள்ளித் துகள். வானமும் மரமும் நிழலும் வெள்ளியால் ஆனவை. அவள் நிற்கும் இடத்தில் மட்டும் வெள்ளி கிடையாது. அங்கே இருப்பது நிறமற்ற ஜெலட்டின். புரொஜெக்டரின் கார்பன் வெளிச்சம் அதைத் தடையில்லாமல் கடந்து திரையில் விழுந்தது. அரங்கையே அலற வைத்த அந்த வெண்மை, பெரும்பாலும் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் ஒரு பசைதான்.

அந்தப் பசையின் பிறப்பைப் புரிந்துகொள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்புக்குள் போனால் போதும். உப்புப் போட்ட தோல்கள் லாரியில் வந்து இறங்கும். முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. முடி கழன்று தோல் உப்பி வழுக்கத் தொடங்கியதும், உள்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் இயந்திரம் சீவித் தள்ளும். கோணல்மாணலான ஓரங்களைக் கத்தியால் வெட்டி எறிவார்கள். வழி பிரிவது இங்கேதான். நல்ல தோல் குரோம் கரைசலோடு டிரம்முக்குள் உருண்டு ஷூவாகவும் பெல்ட்டாகவும் ஆகும். சீவலும் ஓரத்துண்டும் பசை காய்ச்சுகிறவர்களுக்குப் போகும். குரோம் ஏறிவிட்டால் தோல் கொதிநீருக்கும் எளிதில் மசியாது என்பதால், பசைக்கு வேண்டியதை டிரம்முக்கு முன்பே பிரித்துவிட வேண்டும். தச்சர்கள் உருக்கி மரத்தை ஒட்டிய வஜ்ஜிரம் இதன் முரட்டு உருவம். சுத்தமான துண்டுகளை வாரக்கணக்கில் சுண்ணாம்பில் ஊறவிட்டு, கழுவி, வெந்நீரில் மெல்ல இளக்கி, வடிகட்டி உலர்த்தினால் ஜெலட்டின். எலும்புக்கும் ஏறக்குறைய இதே வழிதான்: அமிலத்தில் தாதுச்சத்து கரைந்தபின் மிஞ்சும் ஒஸீனிலிருந்து ஜெலட்டின் எடுப்பார்கள். 1975-ல் ஜப்பானின் நிட்டா ஜெலட்டினோடு கூட்டுச் சேர்ந்து உருவான கேரளா கெமிக்கல்ஸ் அண்ட் புரோட்டீன்ஸ் செய்த சரக்கு அந்த ஒஸீன்தான்.

1871-ல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், வெள்ளி உப்பை இந்த ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தார். உலர்ந்த பின்னும் அது ஒளிக்கு வேலை செய்தது. பிற்பாடு சினிமாச் சுருளில் பூசியதும் இதே வகைக் கலவைதான். ஆனால் ஒரு புதிர் பாக்கி இருந்தது. ஒரு தொகுதி ஜெலட்டின் நல்ல வேகமான ஃபிலிமைக் கொடுக்கும். அடுத்த தொகுதி மந்தமாக இருக்கும். 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் இதைத் துருவிப் பார்த்தார். கடுகு எண்ணெயில் உள்ளது போன்ற கந்தகச் சேர்மங்கள் துளியிலும் துளியாக ஜெலட்டினில் கிடந்து, வெள்ளி உப்பை ஒளிக்குக் கூர்மையாக்கின. மாடு மேய்ந்த கடுகுச் செடியின் மிச்சம்! மாட்டுக்குக் கடுகு பிடிக்காமல் போயிருந்தால் சினிமாவே வந்திருக்காது என்ற பொருளில், அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் மீஸ் சொன்னது பிரபலம். திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் கடுகும் சுற்றி அடுப்பில் போடுகிற நமக்கு, பேயை விரட்டும் கடுகே பேய்ப்படத்துக்கும் உதவியிருக்கிறது என்று கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

1930-ல் கோடாக் தனக்கென்று ஒரு ஜெலட்டின் ஆலையை வாங்கிக்கொண்டது. இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பீபடி. அது அப்போது ராணிப்பேட்டை மாதிரியே தோல் ஊர். பக்கத்து ஊர் சேலம். 1692-ல் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட இடம். தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான ஜான் பிராக்டர் வாழ்ந்த பகுதி இன்றைய பீபடிக்குள்தான் வருகிறது. இப்போது ஹாலோவீன் கொண்டாட அக்டோபர் மாதத்தில் கூட்டம் அலைமோதுவது அதே சேலத்தில். சூனியப் பழி எரிந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே, உலகத்துப் பேய்ப்படங்களைத் தாங்கிய பசையும் காய்ந்திருக்கிறது.

1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்துக் கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்தது. அது கலர் படம். கலர் பிரிண்டைக் கழுவும்போது வெள்ளி வெளியேறிவிடும். ஜெலட்டினுக்குள் சாயம் மட்டும் தங்கும். வெளுத்த அந்த முகத்தில் சாயமும் சொற்பம். அங்கேயும் நம்மை முறைப்பது கிட்டத்தட்ட வெறும் பசை. திகில் படங்களில் ரத்தத்தைவிட அந்த வெற்று வெண்மைதான் எனக்கு நெடுநாள் நிற்கிறது.

நம் ஊர் வெயிலில் ஜெலட்டினைக் காப்பது தனிப் பாடு. வெதுவெதுப்பான கழுவுநீரில் அது உப்பி நெகிழ்ந்துவிடும். அதனால் வெப்ப நாடுகளில் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்குக் கையேடுகள் சொன்ன மருந்து குரோம் ஆலம். தோலை டிரம்மில் இறுக்கும் அதே குரோம், ஃபிலிமின் பசையையும் இறுக்கியது. பிரியும்போது குரோமுக்குத் தப்பிய துண்டும் கடைசியில் அதனிடமே வந்து சேர்ந்தது. ராணிப்பேட்டைக்கு குரோம் என்றால் வேறொரு பயமும் உண்டு. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அங்கே நிலத்தடி நீரில் இறங்கியிருக்கும் விஷத்துக்கு எந்தப் பேய்ப்படமும் ஈடாகாது.

ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும் சுருள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அந்தக் காலத்தில் அதை ரீல் ரீலாகத் தகரப் பெட்டியில் அடைத்துச் சென்னையிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் அனுப்புவார்கள். “பெட்டி வந்துருச்சாண்ணே?” என்பதுதான் டிக்கெட் கவுன்டரில் முதல் கேள்வி. பெரிய ஊரில் ஓடி முடித்த பிரிண்ட் சின்ன ஊருக்கும், அங்கிருந்து டூரிங் கொட்டகைக்கும் இறங்கும். போகப்போக ஜெலட்டினில் கீறல் விழும். திரையில் மழைக்கோடு கூடும். பேய் வருகிற காட்சிக்கு அந்தக் கோடுகள் கூடுதல் திகில் தந்தன என்றே சொல்வேன். அறுந்த துண்டுகள் பிள்ளைகளிடம் வந்து, லென்ஸும் கண்ணாடியும் வைத்து வேட்டித் திரையில் படம் காட்டப் பயன்பட்டன.

1922-ல் வெளிவந்த, டிராகுலா கதையை அனுமதியின்றித் தழுவிய முர்னோவின் ‘நொஸ்ஃபெரட்டு’ படத்தின் பிரிண்டுகளை எல்லாம் அழிக்கச் சொல்லி, டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஜெர்மன் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அதற்குள் பிரதிகள் பல நாடுகளுக்குப் போயிருந்ததால் படம் பிழைத்தது. நம் பழைய படங்களுக்கு எதிராக எந்தத் தீர்ப்பும் வரவில்லை. ஈரக்காற்றில் பூஞ்சை ஜெலட்டினைத் தின்றது. மிஞ்சியவற்றில் பல எடைக்குப் போயின, உள்ளே இருந்த வெள்ளிக்காக. சூடான காரநீரில் முக்கினால் பசை கரைந்து வெள்ளி அடியில் தங்கும். அதை உருக்கி விற்றுவிடலாம். படம் இருந்த பசை கழிவுநீரோடு போய்விடும்.